ஆறு மணிக்கு முன் ஏழு படம்

திருகோணமலை மத்திய வீதியில், இரும்புச் சாமான் கடைக்கும் சைக்கிள் திருத்துமிடத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த படக்கடையில் புஸ்பராணி பதினான்கு ஆண்டுகள் வேலை செய்திருந்தாள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவள் ஒருவரையும் படம் எடுத்ததில்லை. எடுப்பவர் அவளுடைய கணவர் சோமசேகரம். எடுத்ததைக் கழுவுவதும், நெகட்டிவில் கூரிய பென்சிலால் தழும்பையும் பருவையும் மறைப்பதும், அச்சிட்டு ஓரம் வெட்டுவதும் அவளுடைய பங்கு. 1979இல் கலியாணமாகி வந்த மூன்றாம் மாதம் இருட்டறைக்குள் போனவள், நகரத்தின் பாதிப்பேரை நெகட்டிவில் தெரியும் வெள்ளைத் தலைமயிரும் கறுத்த பல்லுமாகவே அறிந்துகொண்டாள். தெருவில் யாராவது நின்று சுகம் விசாரித்தால், அந்த முகத்தை மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்த பின்தான் ஆளின் பெயர் அவளுக்கு ஞாபகம் வரும்.

யுத்தம் தொடங்கிய பிறகு கடையின் தொழில் பெரும்பாலும் பாஸ் படமாகிப்போனது. அடையாள அட்டைக்கு ஒன்று, பிரயாண அனுமதிக்கு இரண்டு, படையினரின் பதிவுக்கு வீட்டார் அனைவரும் சேர்ந்து நிற்பதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: பின்புறம் வெறுமையாக இருக்கவேண்டும், சிரிக்கக் கூடாது, இரு காதும் தெரியவேண்டும். கணவர் திரைக்கு அப்பால் நின்று “காது, காது” என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் எதிரில் நிற்பவரின் காதைத்தான் அவள் முதலில் பார்ப்பாள்.

1993 செப்டெம்பர் 16, வியாழக்கிழமை காலை பத்து மணியளவில் மூன்று பேர் கடைக்கு வந்தனர். ஞானமணிக்கு அப்போது இருபத்தாறு வயது. பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுடைய கணவன் யோகலிங்கம் திரியாய் ஊரவன்; ஐரோப்பாவின் வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை. மூன்றாவது ஆள் ஞானமணியின் பெரியம்மா அன்னலட்சுமி. கையில் குடையும், பிரம்புப் பை ஒன்றும், எதையும் நம்பாத முகமும் அவளுடையவை.

“அவர் கொழும்பால இன்னும் வரேல்லைத் தங்கச்சி. செவ்வாய்க்கிழமை வாறனெண்டவர், பாதை மூடிக்கிடக்காம். நான் கழுவிறனான், எடுக்கிறேல்லை,” என்றாள் புஸ்பராணி.

“மீன்கறி காய்ச்சிறவளுக்கு மீன் வெட்டத் தெரியாதோ பிள்ளை?” என்றாள் அன்னலட்சுமி.

யோகலிங்கம் ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தான். மனைவியை அழைத்துக்கொள்ள அவன் கொடுத்த விண்ணப்பத்தைத் தூதரகம் நிராகரித்த கடிதம் அது. 1992 பெப்ரவரியில் நடந்த கலியாணத்தின் பன்னிரண்டு படங்களைச் சான்றாக இணைத்திருந்தான். அவற்றைப் பார்த்து, இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் என்று நம்புவதற்கு இடமில்லை என எழுதியிருந்தார்கள்.

“பன்ரண்டு படத்திலயும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவேயில்லையாம்,” என்றான்.

“எங்கட கலியாணத்தில பொம்பிளை குனிஞ்சுதான் நிப்பாள் எண்டு அவையளுக்குச் சொல்லேல்லையோ நீர்?”

“சொன்னனான் பெரியம்மா. கலியாணம் முடிஞ்ச பிறகும் குனிஞ்சுகொண்டோ நிக்கிறவ எண்டு கேட்டவை.”

மேல்முறையீடு கொடுக்கலாம், ஒரே தடவைதான். அதற்குப் புதுப்படங்கள் வேண்டும், சடங்குப் படங்களாக இல்லாமல்; கடற்கரையில் எடுப்பதென்று முடிவாகியிருந்தது. யோகலிங்கம் ஒன்பது நாள் விடுமுறையில் வந்திருந்தான். மறுநாள் காலை ஐந்து மணி பஸ்ஸில் கொழும்புக்குப் போகவேண்டும். நகரத்தின் மற்ற இரு படக்காரரும் கடற்கரை என்றதும் கைவிரித்துவிட்டார்கள். ஒருவருடைய கமெரா முந்திய ஆண்டு கடற்கரையில் பறிபோனது, இன்றுவரை திரும்பவில்லை.

புஸ்பராணி கடிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆங்கிலம் அவளுக்கு அரைகுறைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு படங்களையும் அவள் நன்றாக அறிவாள். அந்தக் கலியாணத்தில் சோமசேகரம் முப்பத்தாறு படம் எடுத்திருந்தார். அவற்றிலிருந்து பன்னிரண்டைத் தெரிவுசெய்து அச்சிட்டவள் புஸ்பராணியே. பெண் நிமிர்ந்த படங்களும், மாப்பிள்ளையின் காதில் யாரோ எதையோ சொல்ல இருவரும் சிரித்துவிட்ட படம் ஒன்றும் இருந்தன. அடக்கமாக இல்லை என்று அவற்றை ஒதுக்கியவளும் அவளேதான். அந்த நெகட்டிவுகள் 1992 டிசெம்பர் மழையில் கூரை ஒழுகியபோது பூஞ்சணம் பிடித்துப்போயின.

“அனுமதி எடுத்தாச்சோ?” என்று மட்டும் கேட்டாள்.

பொலிஸ் நிலையத்தில் வாங்கிய துண்டை யோகலிங்கம் காட்டினான். டச்சு பே கடற்கரையில், ஆறு மணிவரை. கோட்டைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் கமெராவைத் திருப்பக் கூடாது.

அலுமாரியின் மேல்தட்டில் சோமசேகரத்தின் பழைய ஜப்பான் கமெரா இருந்தது. அவளுக்குத் தெரியாத பொருளல்ல. அதைத் துடைத்திருக்கிறாள், இருட்டறையில் அதற்குள் இருந்து பிலிம் எடுத்திருக்கிறாள், வெளிச்சத்துக்கும் தூரத்துக்கும் அவர் வாயில் வரும் எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். “உள்வேலை உன்ர, வெளிச்சம் என்ர” என்று அவர் சொல்வார். அன்று பகல் முழுவதும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கையலம்பினாள். வெறும் கமெராவைத் தூக்கி முற்றத்து மாமரத்தைப் பார்த்தாள், கிணற்றுக்கட்டைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அரை மணிக்கொரு தடவை வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். கடையில் இருந்தது ஒரேயொரு கலர் பிலிம், இருபத்துநான்கு படத்துக்கானது. அதை அதன் தகரக் குப்பியோடு கைப்பைக்குள் வைத்தாள், கமெராவுக்குள் போடவில்லை.

போடாததற்குக் காரணம் உண்டு. சோதனைச் சாவடியில் படையினர் கமெராவின் பின்மூடியைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே பிலிம் இருந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். ஆகவே சாவடி தாண்டும்வரை கமெரா வெறுமையாகவே இருக்கவேண்டும் என்பது அந்நாளில் திருகோணமலைப் படக்காரர் எல்லாரும் கைக்கொண்ட வழக்கம். தாண்டியபின் போடுவது, திரும்பி வருமுன் எடுப்பது. சோமசேகரம் நடந்தபடியே அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். புஸ்பராணி பார்த்திருக்கிறாள். ஆனால் பகல் வெளிச்சத்தில் தன் கையால் ஒருநாளும் போட்டதில்லை.

ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். டைக் வீதி முடிவில் இருந்த சாவடியில் அனுமதித் துண்டை ஒருவர் படித்தார். உள்ளே கொண்டுபோய் இன்னொருவருக்குக் காட்டினார். கமெராவைத் திறந்தார்கள், குப்பியைக் குலுக்கினார்கள், அன்னலட்சுமியின் பிரம்புப் பையிலிருந்த பட்டுச் சேலையை முழு நீளத்துக்கும் விரித்துப் பார்த்தார்கள். அந்தச் சேலை யோகலிங்கத்தின் யோசனை. நடுவில் உடுப்பை மாற்றினால் இரு வேறு நாளில் எடுத்த படம்போல இருக்கும் என்று அவனுடைய கூட்டாளிகள் சொல்லியனுப்பியிருந்தார்கள். இவையெல்லாம் முடிந்து மணலில் கால்வைத்தபோது ஐந்து இருபத்தைந்து என்று புஸ்பராணி சொல்வாள். ஐந்து இருபதுதான் என்பது அன்னலட்சுமியின் கணக்கு. இரண்டில் எதைக் கொண்டாலும் முப்பத்தைந்து நிமிடமும் சொச்சமுமே மிச்சம்.

கச்சான் காற்று நகரப் பக்கமிருந்து மணலை வாரிக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. கரையேற்றிய வள்ளமொன்றின் மறைவில் குந்தி, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, பிலிமின் நாக்கை எதிர்ப்பக்கத்து உருளையில் செருகி மூடினாள். அதற்குள் நாக்கு இரண்டு தடவை நழுவியது. பிலிமை நகர்த்தும் நெம்பை இரண்டு தடவை தள்ளி, எழுந்து நின்றாள்.

“அக்கா, சூரியன் கடலுக்குள்ள இறங்கவேணும், நாங்கள் முன்னால நிக்கவேணும்,” என்றான் யோகலிங்கம். “எங்கட தொழிற்சாலைப் பொடியன் ஒருத்தன் நீர்கொழும்பில அப்பிடி எடுத்து அனுப்பினவன். உடனே விசா.”

“நீர்கொழும்பில இறங்கும். இஞ்ச சூரியன் கடலால ஏறிறது. இறங்கிறது அந்தா, பஸ் நிலையப் பக்கம். திரியாய்ப் பிள்ளைக்கு இது மறந்துபோச்சோ?”

“நான் இருக்கிற ஊரில ரெண்டு மாசத்துக்குச் சூரியனே வராது அக்கா.”

“உட்துறைமுகத்துப் பக்கம் கடலுக்குள்ளதானே இறங்கிறது?” என்றாள் ஞானமணி.

“ஓம், இறங்கும். கமெராவோட அங்க போனா எங்களையும் இறக்கிப்போடுவாங்கள்.”

இருவரையும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் செய்தாள். நகரத்துக் கூரைகளுக்கு மேலே சரிந்திருந்த வெயில் அவர்கள் முகத்தில் நேராக விழுந்தது. நல்ல வெளிச்சம் என்பது அவளுக்குத் தெரிந்தது. பதினான்கு ஆண்டுகள் நல்லதும் கெட்டதுமாக எத்தனையோ வெளிச்சங்களைக் கழுவியவள். இடப்பக்கம் கோட்டைப் பாறை வராமல் நகர்ந்தாள். வலப்பக்கம் காவலரண் வந்தது, மீண்டும் நகர்ந்தாள். இரண்டுக்கும் நடுவே கிடைத்தது ஒரு சேலை அகலக் கடல். அதற்குள் இருவரையும் அடக்கி, கமெராவைக் கண்ணில் வைத்தாள்.

“காது தெரியட்டும்,” என்றாள்.

தான் அதைச் சொன்னதே அவளுக்குத் தெரியாது. ஞானமணியும் யோசிக்கவில்லை; காற்றில் பறந்த மயிரை இரு காதுக்கும் பின்னால் செருகி, நாடியை இறக்கி, மூச்சை அடக்கி நின்றாள். அவளை அதுவரை எடுத்த படங்களில் கலியாணத்தைத் தவிர்ந்த எல்லாமே பாஸ் படங்கள்தாம். யோகலிங்கமும் கைகளைத் தொடையோடு ஒட்டி நிமிர்ந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் நிற்கச் சொன்னாள். அருகே வந்தார்கள், இடையில் ஒரு சாண். தோளில் கைபோடச் சொன்னாள். யோகலிங்கம் பெரியம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, சுடும் சட்டியைத் தொடுவதுபோல் இரண்டு விரலை வைத்தான்.

“பிடிபட்ட ஆக்கள் மாதிரி நிக்கினம்,” என்றாள் அன்னலட்சுமி.

“ஒருத்தரை ஒருத்தர் பாருங்கோ,” என்றாள் புஸ்பராணி.

பார்த்தார்கள், பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல.

“ஏதாவது கதையுங்கோவன்.”

“என்னத்தைக் கதைக்கிறது?” என்று யோகலிங்கம் கேட்டான். “பஸ் அஞ்சு மணிக்கோ அஞ்சேகாலுக்கோ?” என்று ஞானமணியிடமே திரும்பவும் கேட்டான். அவள் அஞ்சு மணிக்கு என்றாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

வெயில் கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புஸ்பராணி ஒவ்வொரு படத்துக்கும் இடம் மாறினாள்; குந்தினாள், எழுந்தாள், வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஏறினாள். படம் சரிவரவில்லை என்பது ஒரு புறம். அதற்குக் கீழே, மூன்றாம் படத்திலிருந்தே, என்னவென்று தெரியாத வேறொரு குறை அவளை அரித்தது. பதினைந்தாவது படத்துக்கு நெம்பைத் தள்ளியபோதுதான் கண்ணில் பட்டது. கமெராவின் இடப்பக்க மேல்மூலையில் சிறு திருகு ஒன்று உண்டு. உள்ளே பிலிம் ஓடினால் அதுவும் கூடவே சுற்றும். அது சுற்றவில்லை.

அவள் கமெராவை இறக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தபடியே நின்றாள். அழுத்தினாள், மறுபடி தள்ளினாள். திருகு அசையவில்லை.

பிலிம் ஓடாமல் இருக்கலாம். அப்படியானால் எடுத்த பதினைந்தும் ஒன்றுமில்லை. அல்லது பழைய கமெராவின் திருகு இறுகிப்போயிருக்கலாம். அப்படியானால், திறந்து பார்த்த மறுகணம், இருந்த பதினைந்தும் ஒன்றுமில்லாது போகும். மணி ஐந்து நாற்பத்துமூன்று. கேட்பதற்கு ஆளில்லை, கேட்கவேண்டியவர் கொழும்பில், ஏதோவொரு விடுதிக் கதிரையில் பாதை திறக்கக் காத்திருந்தார்.

“பெரியம்மா, அந்தப் பட்டுச் சேலையைத் தாங்கோ.”

“உடுப்பு மாத்த நேரமிருக்கோ பிள்ளை?”

“மாத்த இல்லை.”

வள்ளத்தின் ஓரத்தில் இருந்து, கமெராவைக் கைப்பைக்குள் வைத்து, பையையும் தன் இரு முழங்கையையும் சேர்த்துச் சேலையால் நாலைந்து சுற்றுச் சுற்றச் சொன்னாள். பிறகு கண்ணை மூடினாள். சேலைக்குள் இருட்டு. அந்த இருட்டு அவளுடைய விரல்களுக்குப் பழக்கமானது. பின்மூடியைத் திறந்தாள். வலப்பக்க உருளையைத் தடவினாள். வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. பிலிமின் நாக்கு தன் கூட்டு வாயிலேயே சுருண்டு கிடந்தது.

கண்ணைத் திறந்து, “பிலிம் ஓடேல்லை,” என்றாள். “நான்தான் பிழையாப் போட்டிட்டன். எடுத்தது ஒண்டும் விழேல்லை.”

ஞானமணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பதினைஞ்சு படம்,” என்றான் யோகலிங்கம். குரலை உயர்த்தவில்லை, அதுவே மோசமாக இருந்தது. “அக்கா, நாளைக்கு நான் போறன். அடுத்த லீவு இனி எப்பவோ. நான் அப்பவே சொன்னனான் ஞானம், தெரிஞ்ச ஆளிட்டப் போவமெண்டு.”

“அக்காவைக் கோவிக்காதேங்கோ.”

“கோவிக்கேல்லை. நேரம் போச்செண்டு சொல்லுறன்.”

“நேரம் இண்டைக்கு மட்டுமோ போனது?” என்றாள் ஞானமணி.

புஸ்பராணி தலையை நிமிர்த்தவில்லை. சேலைக்குள் அவளுடைய விரல்கள் பிலிமின் நாக்கை நீட்டி, பல்லில் பொருத்தி, உருளையில் ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கிப் பார்த்தன. வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் தடுமாறிப் பிழைத்ததை இருட்டில் அரை நிமிடத்தில் முடித்தாள்.

“ஒன்பது நாள் லீவு,” என்று ஞானமணி தொடர்ந்தாள். “கூட்டாளிமார் தந்த பொதி குடுக்க மூதூருக்குக் கடலால லோஞ்சில போனனீங்கள். போன இடத்தில ராத்தங்கல். அடுத்த நாள் தோப்பூருக்கு. பிறகு ஆரோ ஒருத்தற்ற தங்கச்சிக்கு மணிக்கூடு குடுக்கவெண்டு ஒருநாள் முழுக்க.”

“கொண்டு வந்ததைக் குடுக்காமல் விடுறதோ? அவங்களும் எனக்குக் கொண்டு வந்து தாறவங்கள்தானே.”

“குடுங்கோ. ஊருக்கெல்லாம் சொக்கிலேற்றும் மணிக்கூடும். எனக்கு என்ன கொண்டந்தனீங்கள்? நிரப்பிக் குடுக்க நாப்பது கேள்வியோட ஒரு பாரம்.”

“அது தூதரகத்தின்ர பாரம். நான் எழுதினதே?”

“புருசனுக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன எண்டு ஒரு கேள்வி. உறைப்புச் சாப்பிடுவாரோ மாட்டாரோ எண்டு எனக்குத் தெரியாது. நான் என்னத்தை எழுதிறது?”

“ஏலாதெண்டு முந்தநாள் சொன்னனான்.”

“சொன்னனீங்கள். சொல்லிப்போட்டு மூண்டு பச்சைமிளகாயைக் கடிச்சனீங்கள். நான் எதை நம்ப?”

கமெராவை வெளியே எடுத்த புஸ்பராணிக்கு அந்தக் கணத்தில் ஒரே கவலைதான்: திருகு சுற்றுகிறதா. அதைப் பார்ப்பதற்காகவே நெம்பைத் தள்ளினாள். திருகு சுற்றியது. அழுத்தினாள். இன்னொரு தடவை தள்ளினாள், மறுபடி சுற்றியது, மறுபடி அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் கமெராக் கண்ணாடிக்குள் என்ன தெரிகிறது என்று பார்த்தாள்.

ஞானமணியின் ஒரு விரல் யோகலிங்கத்தின் சட்டைப் பையைக் குத்தியபடி இருந்தது. மயிர் காதையும் மூடி வாயையும் மூடிப் பறந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. அவன் இரு கையையும் விரித்து வானத்திடம் நியாயம் கேட்டான். வெயில் முடிந்துவிட்டிருந்தது. ஆனால் மேற்கு வானத்தின் சிவப்பு, கடல்மேல் விழுந்து, அங்கிருந்து திரும்பி, இருவர் முகத்திலும் எங்கும் நிழல் விழாமல் பரவியிருந்தது. புஸ்பராணி லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தாள். மூச்சை அவள் அடக்கினாள். மூன்று. நான்கு.

“அந்த மிளகாய்க் கறி நீர் காய்ச்சினது,” என்றான் யோகலிங்கம். “பக்கத்தில நிண்டு வாயைப் பாத்துக்கொண்டு நிண்டனீர். கடிக்காமல் என்ன செய்யிறது? இரவிரவாத் தண்ணி குடிச்சனான்.”

ஞானமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பியவள், அடக்க முடியாமல் அவனுடைய தோளில் ஓர் அடி அடித்தாள். ஐந்து. ஆறு. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். ஏழு.

விசில் சத்தம் கேட்டது. காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் மணலில் நடந்து வந்தான். இருபது வயதுகூட இராது. மணிக்கூட்டைக் காட்டி, “ஆறு மணி. முடிஞ்சுது. போ, போ,” என்றான். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது என்பது புஸ்பராணியின் வாதம். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நடந்தபடியே பிலிமைச் சுற்றி எடுத்துக் குப்பிக்குள் போட்டாள். சாவடியில் மறுபடியும் திறப்பார்கள். ஞானமணிக்கு அப்போதுதான் விளங்கியது.

“அக்கா, நாங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்க எடுத்தனீங்களோ?”

“ஓம்.”

“சண்டை பிடிக்கிறதை ஆராவது படம் எடுப்பினமோ பிள்ளை?” என்றாள் அன்னலட்சுமி. “அங்க பாக்கிறவன் என்ன நினைப்பான்? சேர்ந்திருக்கிறதுக்குக் கடுதாசி கேட்டா, பிரிஞ்சு போறதுக்குக் குடுத்தனுப்புவான். என்ர சேலையும் கசங்கி, காரியமும் கெட்டுது.”

கலர் பிலிம் கழுவும் வசதி கொழும்பில்தான் இருந்தது; யோகலிங்கம் குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கடை வாசலில் பிரியும்போது, “விழுந்திருக்குமோ அக்கா?” என்று கேட்டான்.

“திருகு சுத்தினது,” என்றாள் புஸ்பராணி.

சோமசேகரம் ஞாயிற்றுக்கிழமை வந்துசேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஏழு படமோ? பிலிம் போட்டுத்தானே எடுத்தனீ?” என்று பகிடியாகக் கேட்டார். அவள் கறிச்சட்டியைக் கழுவப் போய்விட்டாள். முதல் பதினைந்தைப் பற்றி அவருக்குச் சொல்ல அவளுக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஒக்டோபரில் யோகலிங்கத்திடமிருந்து ஞானமணிக்குக் கடிதம் வந்தது. கொழும்பில் கழுவி எடுத்து விண்ணப்பத்தோடு கொடுத்துவிட்டதாக ஒரு வரி. எப்படி இருந்தன என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒற்றை வரியைப் புஸ்பராணி ஞானமணியின் வாயால் மூன்று தடவை கேட்டாள். கழுவியது என்றால் ஏதோ விழுந்திருக்கவேண்டும். விழுந்தது தெளிவாக விழுந்ததா? துளை முழுதாகத் திறந்திருந்தது. தூரத்தைக் கண்ணளவில்தான் வைத்திருந்தாள். இருட்டறையில் வேறு யாருடையதோ முகம் தண்ணீருக்குள் எழுந்து வரும்போதெல்லாம், தான் எடுத்த ஏழும் இப்படி எந்தத் தண்ணீரில் எழுந்தன, யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தோன்றும். ஒருநாள் பாஸ் படமொன்றை மருந்திலேயே மறந்து கறுக்க விட்டாள். இன்னொரு நாள் ஒருவருடைய தழும்பை மறைப்பதற்குப் பதிலாக மூக்குத் துவாரத்தை மறைத்துவிட்டாள். மழைக்காலம் முழுவதும், தபாற்காரர் கடையைத் தாண்டிப் போகும் நேரத்தில் அவள் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டாள். ஞானமணியைத் தெருவில் கண்டால் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பாள்; காதைப் பார்க்கும் பழக்கம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. அன்னலட்சுமி எதிரே வந்தால் மறுபக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவாள்.

1994 பெப்ரவரி கடைசியில் தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஞானமணி பெரியம்மாவோடு கொழும்புக்குப் போனாள். திரும்பி வந்த அன்று, பஸ்ஸால் இறங்கிய கோலத்திலேயே கடைக்கு வந்து கதிரையில் இருந்தாள். புஸ்பராணி தண்ணீர் கொடுத்தாள்.

“உள்ளுக்க ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, பக்கத்தில தமிழ் சொல்லுறதுக்கு ஒரு அக்கா,” என்று ஞானமணி தொடங்கினாள். “கலியாணத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. ஒரு படத்தை எடுத்து எனக்கு முன்னால வைச்சா. இதில என்ன நடக்குது எண்டு கேட்டா.”

“எந்தப் படம்?”

“நான் அவற்ற நெஞ்சில குத்திறது. பொய் சொல்லத் தெரியேல்லை. சண்டை எண்டன். என்ன சண்டை எண்டா. மிளகாய் எண்டன்.”

அன்னலட்சுமி வாசலில் நின்று, “மிளகாய் எண்டாளாம்,” என்றாள், தெருவுக்குச் சொல்வதுபோல்.

“பிறகு எல்லாம் சொன்னன். பொதி குடுக்கப் போனது, மூதூர், தோப்பூர், மணிக்கூடு, உறைப்புச் சாப்பிட ஏலாதெண்டுபோட்டு மூண்டு மிளகாய் கடிச்சது. சொல்லச் சொல்ல எனக்கு அண்டைக்கு வந்த கோவம் திரும்ப வந்திட்டுது. தமிழ் சொல்லுற அக்கா ஒவ்வொண்டையும் அவவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. கடைசியில அந்தப் பொம்பிளை கேட்டா, அங்க போனா இனியும் மிளகாய்க்கறி காய்ச்சுவீரோ எண்டு. நான் சொன்னன், அவர் உண்மையைச் சொல்லிப் பழகிற வரைக்கும் காய்ச்சுவன் எண்டு.”

“பிறகு?”

“எழுதினா. சீல் குத்தினா. ஏப்ரலில போகலாம்.”

புஸ்பராணி வெறுங்குவளையை வாங்கி மேசையில் வைத்தாள். உள்ளே சோமசேகரம் திரைக்கு அப்பால் யாரையோ காது காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞானமணி எழுந்து வந்து அவளுடைய இரு கையையும் பற்றினாள். சற்றுப் பொறுத்து, படத்தைக் கொண்டு வந்தாயா என்று புஸ்பராணி கேட்டாள். இல்லை என்றாள் ஞானமணி. ஏழையும் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்கள். நெகட்டிவ் யோகலிங்கத்திடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவன் பொருள் வைக்கும் ஒழுங்கு அப்படி.

“நீ பாத்தனீதானே. முகம் தெளிவோ?”

“கண்ணிமை மயிர்கூடத் தெரிஞ்சுது அக்கா. அவற்ற சட்டைப் பையில இருந்த பேனைகூட.” ஞானமணி சற்று யோசித்தாள். “கடல்தான் கொஞ்சம் சரிஞ்சு கிடந்தது.”

புஸ்பராணி கைகளை விடுவித்துக்கொண்டு, கமெராவைப் பிடிப்பதுபோல் கண்ணெதிரே உயர்த்தினாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.